எடை இறங்கவில்லை, ஆனால் சர்க்கரை இறங்கியிருக்கிறது

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 67 கிலோ. இரண்டு வருடங்களுக்கு முன்பு சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிட்டு வருகிறேன். வயிற்று ஸ்கேனில் 'கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை' என்று எழுதியிருந்தார்கள். என்னைப் பார்க்கிறவர்கள் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். தொப்பை மட்டும் கொஞ்சம் உண்டு. வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. என்னோடு வேலை பார்ப்பவர் 95 கிலோ இருக்கிறார், அவருக்குச் சர்க்கரை அறவே இல்லை. இது என்ன நியாயம்? ஐந்து மாதங்களாக தினமும் காலையில் வெறும் வயிற்றில் 40 நிமிடம் நடக்கிறேன். எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மட்டும் 8.2-லிருந்து 7.4 ஆகியிருக்கிறது. காலைச் சர்க்கரை இன்னும் 140, 150 என்றுதான் காட்டுகிறது. "எடையே குறையாத நடை எதற்கு? பேசாமல் தூங்குங்கள்" என்கிறார் மனைவி. நடப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா? மாத்திரையை விட முடியுமா? சில நாட்களில் நடந்து முடிக்கும்போது கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. அது வெறும் களைப்புதானே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கை நடுக்கமும் வியர்வையும், அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்றவற்றைப் பிறகு பேசலாம். அதைக் களைப்பு என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள்.

நீங்கள் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளில் மெட்ஃபார்மின் மட்டும் தனியாக இருந்தால் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் மருந்து அது. நடக்கும்போது தசைகளும் சேர்ந்து சர்க்கரையை எடுக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில், அதுவும் வெறும் வயிற்றில் நடந்தால், தாழ்சர்க்கரை வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது எனக்கு முக்கியமான தகவல், உங்கள் மருத்துவருக்கு அதைவிட முக்கியம். அடுத்த முறை நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், முதலில் குளுக்கோஸைச் சாப்பிடுங்கள். நடக்கக் கிளம்பும் முன்பே 100-க்குக் கீழே இருந்தால், கொஞ்சம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் வீட்டைத் தாண்ட வேண்டாம்.

நடுக்கம் வரும் நேரத்தில் சர்க்கரை 110, 120 என்று இருந்தால்? நீண்ட நாள் அதிகச் சர்க்கரைக்குப் பழகிய உடல், அது வேகமாக இறங்கும்போதும் இப்படிப் பதறும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு எப்போதும் நெஞ்சு வலியாகவே வெளிப்படும் என்று சொல்ல முடியாது. உழைக்கும்போது வரும் வியர்வை, மூச்சுவாங்கல், தாடையிலோ தோளிலோ ஓர் இறுக்கம், அவ்வளவுதான் அறிகுறியாக இருக்கும். சர்க்கரை சரியாக இருக்கும்போதும் வியர்த்துக் கொட்டினால் நடையை நிறுத்திவைத்துவிட்டு இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கிளிமிபிரைடின் அளவையோ நேரத்தையோ மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி உங்கள் நண்பரின் 95 கிலோவுக்கு வருவோம்.

உங்கள் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., 23.7. அது ஓர் எடைக் கணக்கு மட்டுமே. அந்த எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அந்தக் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடைக் கருவியின் முன்னால் சமமாக நின்ற இருவருக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். நோயாளிகளுக்கு நான் அடிக்கடி சொல்லும் படம் அது. ஒல்லியாக இருப்பவரிடம் 'உங்கள் உடலில் கொழுப்பு அதிகம்' என்று சொன்னால் நம்புவதில்லை. இதைக் கேட்டபிறகு யோசிக்கிறார்கள்.

கொழுப்பின் அளவைவிட அது இருக்கும் இடமே முக்கியம். பிரெஞ்சு மருத்துவர் ஜான் வாக் 1947-லேயே இதைக் கவனித்து எழுதினார்: உடலின் மேற்பகுதியில் கொழுப்பு சேர்பவர்களுக்கு நீரிழிவு அதிகம் வருகிறது, இடுப்பிலும் தொடையிலும் சேர்பவர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. தோலுக்கு அடியில், குறிப்பாகத் தொடையிலும் புட்டத்திலும் சேரும் கொழுப்பு, கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும், ஒருவகையில் நமக்குப் பாதுகாப்பு. அதை ஒரு தானியக் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் இடம் இருக்கும்வரை மூட்டைகள் உள்ளே அடுக்கப்படும், வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை. கிடங்கு நிறைந்த பிறகும் மூட்டை வந்துகொண்டே இருந்தால் தாழ்வாரம், சமையலறை, படுக்கை எல்லா இடத்திலும் இறக்கிவைக்க வேண்டிவரும். உடலில் அப்படி இடம் தெரியாமல் இறங்கும் கொழுப்பு கல்லீரலுக்குள்ளும், குடலைச் சுற்றியும், தசை இழைகளுக்கு உள்ளேயும், கணையத்துக்குள்ளும் போய்ச் சேர்கிறது. நோயைத் தூண்டுவது அந்தக் கொழுப்புதான்.

உங்கள் நண்பரின் கிடங்கு பெரியதாக இருக்கலாம், உங்களுடையது பிறவியிலேயே சிறியதாக இருக்கலாம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர் இதை 'ஒவ்வொருவருக்குமான தனிப்பட்ட கொழுப்பு வரம்பு' என்கிறார். நண்பர் தன் வரம்பை இன்னும் தாண்டவில்லை. நீங்கள் 67 கிலோவிலேயே தாண்டிவிட்டீர்கள். நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் உங்கள் மீது ஏதோ குற்றம் இருப்பதாக நினைத்துக் குமைய வேண்டியதும் இல்லை. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்த வரம்பு வந்துவிடுகிறது என்பதால்தான் ஆசிய மக்களுக்கு 25-க்குப் பதிலாக 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது.

தோலடிக் கொழுப்பு எதிரி இல்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. பிறவியிலேயே உடலில் கொழுப்புத் திசு உருவாகாத ஓர் அரிய நோய் இருக்கிறது. அவர்கள் எலும்பும் தசையுமாக இருப்பார்கள், ஒரு பிடி கொழுப்பு கிடையாது. அவர்களில் பலருக்கு மிகக் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது, கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. கிடங்கே இல்லாத உடல் அது. இன்னொரு சாட்சி, 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு. உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து 9, 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துச் சோதித்தால் இன்சுலின் வேலை செய்யும் திறனில் முன்னேற்றம் இல்லை. பத்து கிலோ போயும் பயனில்லை, ஏனென்றால் எடுக்கப்பட்டது கல்லீரலில் இருந்த கொழுப்பு அல்ல. கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் சர்க்கரை போய்விடும் என்று விளம்பரம் பார்த்து யாராவது கேட்டால், தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

உங்கள் காலைச் சர்க்கரையின் ரகசியமும் கல்லீரலில்தான் இருக்கிறது. 'ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டேன், அதற்குப் பிறகு ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் எப்படி 150?' என்று என்னிடம் கேட்காத நோயாளி இல்லை. அந்தச் சர்க்கரை சாப்பாட்டிலிருந்து வந்ததல்ல. நாம் தூங்கும்போது மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் தேவையான குளுக்கோஸைக் கல்லீரல் தயாரித்துக் கொடுக்கிறது. போதும் என்று இன்சுலின் சொன்னால் நிறுத்த வேண்டும். கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை, இரவு முழுக்கத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலினே கல்லீரலில் இன்னும் கொழுப்பு சேரவும் வழிசெய்கிறது. கல்லீரல் தன் பாரத்தைக் குறைக்க ரத்தத்துக்குள் அனுப்பும் கொழுப்பில் ஒரு பகுதி கணையத்தில் தங்குகிறது. அங்கே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மெல்ல மெல்லச் சோர்ந்துபோகின்றன.

இந்தச் சுழல் திரும்பிச் சுழலும் என்று காட்டியதுதான் டெய்லரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு. 11 நோயாளிகள், ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி, எட்டு வாரம், மருத்துவக் கண்காணிப்பில். முதல் ஏழே நாட்களில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது. காலைச் சர்க்கரை சராசரியாக 166-லிருந்து 106-க்கு வந்தது. கணையம் தேற மட்டும் முழு எட்டு வாரமும் ஆனது. கணையத்திலிருந்து வெளியேற வேண்டிய கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவுதான் என்று பின்னர் அதே குழு கணக்கிட்டது. ஒரு கிராம்! இத்தனை ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தும் அந்த எண் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அப்படியானால் நடை எதற்கு என்று உங்கள் மனைவியின் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். ஐந்து மாத நடை வீண் போகவில்லை. உங்கள் எச்பிஏ1சி 0.8 இறங்கியிருக்கிறது. இடையில் மருந்தின் அளவை யாரும் கூட்டவில்லை என்றால், அது உங்கள் கால்கள் சம்பாதித்தது. எடை இறங்காமலேயே இப்படி நடக்குமா என்ற சந்தேகத்தை மருத்துவ உலகம் முன்பே ஆராய்ந்துவிட்டது. 2001-இல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி செய்தவர்களின் எச்பிஏ1சி, செய்யாதவர்களுடையதைவிட 0.66 குறைவாக இருந்தது. இரு தரப்புக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்தப் புள்ளிக் கணக்கை அற்பமாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வில், எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் வரும் சிக்கல்கள் 37 சதவீதம் குறைவாக இருந்தன.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். இன்சுலின் சொல்லி ரத்தத்திலிருந்து இறங்கும் குளுக்கோஸில் பெரும்பங்கு தசைகளுக்குத்தான் போகிறது. தசைச் செல்லுக்குள் குளூட்-4 என்று ஒரு புரதம் இருக்கிறது, குளுக்கோஸை உள்ளே கொண்டுவருவது அதன் வேலை. சும்மா இருக்கும்போது அது செல்லின் உட்பகுதியில் ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து அழைத்தால் செல்லின் மேற்பரப்புக்கு வரும். டைப் 2 நீரிழிவில் இந்த அழைப்பு சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் தயவே இல்லாமல், வேறொரு வழியில் குளூட்-4 மேற்பரப்புக்கு வருகிறது. அந்த வழி உங்களுக்குப் பழுதாகவில்லை. எத்தனை வருடம் சர்க்கரை இருந்தாலும், நடக்கத் தொடங்கினால் தசை குளுக்கோஸை எடுக்கும். நடந்து முடித்த பிறகும், செலவழித்த கிளைகோஜன் (தசை சேமித்துவைக்கும் குளுக்கோஸ்) இருப்பை நிரப்பத் தசை குளுக்கோஸைக் கேட்டுக்கொண்டே இருக்கும்; இன்சுலினுக்கும் அப்போது கூடுதலாகச் செவிசாய்க்கும். இந்த நல்ல விளைவு ஒரு நாள் முதல் அதிகபட்சம் மூன்று நாட்கள்வரை நீடிக்கும். பிறகு தேய்ந்துவிடும். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஓடுவதைவிட, தொடர்ந்து இரண்டு நாள் விடுபடாமல் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதை நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் எடை ஏன் இறங்கவில்லை? கணக்கு எளிது. உங்கள் எடையில் ஒருவர் 40 நிமிடம் நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது 7,700 கலோரி. நடந்த பிறகு பசி கொஞ்சம் கூடுகிறது, 'காலையில் நடந்துவிட்டோமே' என்று மீதி நாள் முழுக்க அதிகம் உட்கார்ந்துவிடுகிறோம், அந்த 150 எங்கே போனது என்று தெரியாமல் போய்விடுகிறது. நடையை எடை குறைக்கும் கருவியாக மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். என்னிடம் வருகிறவர்களில் நடையைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இந்த ஏமாற்றத்தால்தான் விட்டிருக்கிறார்கள். அது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். அவர்கள் தினமும் பார்த்தது எடைக் கருவியை. பலன் இருந்ததோ ரத்தத்தில். எடை மாறாத நிலையிலும் உடற்பயிற்சி கல்லீரலின் கொழுப்பையும் குடலைச் சுற்றிய கொழுப்பையும் ஓரளவு கரைக்கிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

உங்கள் நடையில் நான் மாற்றச் சொல்வது சில இருக்கிறது. முதலாவது, நேரம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 நீரிழிவு உள்ள 41 பேரை ஒரு கட்டத்தில் விருப்பப்பட்ட நேரத்தில் ஒரே மூச்சில் 30 நிமிடம் நடக்கச் சொன்னார்கள்; இன்னொரு கட்டத்தில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம். மொத்த நேரம் ஒன்றே. சாப்பிட்டபின் நடந்த நாட்களில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவு, இரவு உணவுக்குப் பிறகு 22 சதவீதம் குறைவு. வெறும் வயிற்று நடையில் உங்களுக்கு நடுக்கமும் வருகிறது என்பதால், இந்த மாற்றம் உங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். காலை உணவுக்குப் பிறகு இருபது நிமிடம், இரவு உணவுக்குப் பிறகு இருபது நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேகம் எவ்வளவு என்றால், பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

இரண்டாவது, தசை. நடை மட்டும் போதாது. அமெரிக்காவில் 262 பேரிடம் ஒன்பது மாதம் நடந்த ஆய்வின் முடிவு 2010-இல் வந்தது. நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள், எடை தூக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள், இரண்டையும் கலந்து செய்தவர்கள், எதுவும் சேர்க்காதவர்கள் என்று பிரித்தார்கள். எதுவும் சேர்க்காதவர்களோடு ஒப்பிட்டால், கலந்து செய்தவர்களுக்குத்தான் எச்பிஏ1சி தெளிவாக இறங்கியது. பயிற்சி நேரம் மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. உங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனெனில் உங்களிடம் கொழுப்பு கொஞ்சம் அதிகம் என்பதோடு தசையும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். நாற்பது வயதைத் தாண்டியபின், பயன்படுத்தாத தசை தானாகவே தேயத் தொடங்கும். குளுக்கோஸை வாங்கிக்கொள்ள ஆளே இல்லாமல் போய்விடும்.

இதற்கு ஜிம்மில் சேர வேண்டும் என்பதில்லை. கை வைக்காத நாற்காலி ஒன்றில் உட்காருங்கள். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, கையூன்றாமல் மெதுவாக எழுந்து நில்லுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு தசையின் பிடியிலேயே இறங்குங்கள். இறங்கும் அந்த மூன்று எண்ணிக்கையில்தான் தொடைக்கு உண்மையான வேலை. பத்து முதல் பதினைந்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் ஒரு சுற்று. பிறகு சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புங்கள். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். பதினைந்து முறை சுலபமாகிவிட்டால் கையில் ஏதாவது கனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுலபமாகவே செய்துகொண்டிருந்தால் தசை வளராது.

உட்காருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் நடந்துவிட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பவரின் தசை, அந்த ஒன்பது மணி நேரமும் தூங்குகிறது. அரை மணிக்கொரு முறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடமாடினாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை மட்டுப்படுகிறது.

அடுத்து, மாத்திரையை விடும் கேள்வி. இதற்கு நடை மட்டும் பதில் தராது, கல்லீரலும் கணையமும் காலியாக வேண்டும். அதற்குப் பெரும்பங்கு செய்ய வேண்டியது உணவு. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்த டைரக்ட் என்ற ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்ட, உடல் எடை கூடிய நோயாளிகளுக்குக் குறைந்த கலோரி உணவு கொடுத்து மாத்திரைகளை நிறுத்தினார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை, நோய் அளவுக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதம். 15 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த 46, 36 ஆகக் குறைந்தது. எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது. அதனால்தான் நாங்கள் 'குணமாகிவிட்டது' என்று சொல்வதில்லை, 'தணிந்திருக்கிறது' என்கிறோம்.

'நான் 67 கிலோதானே, எதைக் குறைப்பது?' என்பீர்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே டெய்லர் குழு இன்னோர் ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்டது. பி.எம்.ஐ. 27-க்கு உட்பட்ட 20 நோயாளிகள். 14 பேருக்கு நோய் தணிந்தது. பாதிப் பேருக்கு உடல் எடையில் 6.5 சதவீதம் குறைந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் கணக்கில் அது ஏறத்தாழ 4.4 கிலோ. சின்ன ஆய்வுதான், உங்களுக்கும் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நோய் வந்து இரண்டே ஆண்டு, கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு, வயது 46 என்ற நிலையில் முயன்று பார்க்காமல் இருப்பது பெரிய இழப்பு. பத்து, பதினைந்து ஆண்டு கடந்துவிட்டால் பீட்டா செல்கள் மீள்வது கடினமாகிறது.

பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. 600 கலோரி உணவை வீட்டில் தனியாகச் செய்து பார்க்கவே கூடாது, உங்கள் மருந்தோடு அது ஆபத்து. சர்க்கரை கலந்த பானங்களையும் மதுவையும் முழுமையாக விடுங்கள். தட்டில் மாவுச்சத்தின் பங்கைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் காய்கறிக்கும் புரதத்துக்கும் கொடுங்கள். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். கொழுப்பு மட்டும் போகட்டும், தசை நிற்கட்டும் என்பதற்கும் அந்த நாற்காலிப் பயிற்சி தேவைப்படுகிறது. மாதத்துக்கு ஒரு கிலோ இறங்கினால் போதும். உணவைக் குறைக்கத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாடு குறைந்து கிளிமிபிரைடு அப்படியே இருந்தால் தாழ்சர்க்கரை வரும் ஆபத்து அதிகம்.

எடைக் கருவிக்குப் பதிலாக டேப்பை நம்புங்கள். பேன்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டபிறகு அளவெடுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ.யும் பெண்களுக்கு 80 செ.மீ.யும் எச்சரிக்கை எல்லை. உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இன்னும் எளிய கணக்கு. உங்களுக்கு அது 84. இப்போது 94. முதல் இலக்காக 90-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒல்லியான நீரிழிவு நோயாளி என்றதும் வேறொரு சந்தேகமும் எங்களுக்கு எழும். உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களை மெல்ல அழிக்கும் வகை ஒன்று நடுத்தர வயதிலும் வருவதுண்டு. உங்கள் வயிற்றுச் சுற்றளவும் கல்லீரல் கொழுப்பும் டைப் 2-ஐத்தான் காட்டுகின்றன. ஆனால் முயற்சி ஏதும் செய்யாமலேயே எடை சரசரவென்று இறங்கி, சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனால், மகிழ்ச்சி அடையாமல் அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

தசைப் பயிற்சி தொடங்கும் முன்பு கண் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால் கனம் தூக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் செருப்பில்லாமலோ தளர்ந்த செருப்போடோ நடக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கையால் தடவிப் பாருங்கள்.

உங்கள் மனைவி உங்கள் நலம் கருதித்தான் சொல்லியிருப்பார். 8.2, 7.4 என்ற இரண்டு எண்களையும் அவரிடம் காட்டுங்கள்; இரவு உணவுக்குப் பிறகான இருபது நிமிடத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரத்துக்கான குறிப்பு கையில் இருக்கட்டும்: காலைச் சர்க்கரை, நடைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு, மாத்திரை எத்தனை மணிக்கு, நடுக்கம் வந்த நாளில் கருவி காட்டியது என்ன. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியும் வயிற்றுச் சுற்றளவும் எப்படி இருக்கின்றன என்று எனக்கு எழுதுங்கள். கிளிமிபிரைடைக் குறைக்க முடிந்ததா என்பதையும் அதில் எழுதுங்கள். எடையை எழுத மறந்தாலும் பரவாயில்லை.